விரலில் கசிந்த ஒளி

சனிக்கிழமை காலை எட்டு மணி. சாரல் மழை. ஹோல்ஸ்ட்விக் ஊர்ப் பொதுமண்டபத்தின் வாசலில் ஆரம்பித்த குழந்தை வண்டிகளின் வரிசை, ரொட்டிக்கடையைத் தாண்டி மீன்பிடித் துறை வரைக்கும் நீண்டிருந்தது. யாரும் முண்டவில்லை, இடிக்கவில்லை. எல்லார் கையிலும் டோக்கன். டென்மார்க் அல்லவா? ஏமாறுவதென்றாலும் அங்கே வரிசையில் நின்றுதான் ஏமாறுவார்கள்.

இந்த ஊர்க்காரர்களைச் சாதாரணமாக எடைபோட்டுவிடாதீர்கள். பகுத்தறிவில் ஊறியவர்கள் என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். தேவாலயத்துக்குக் கிறிஸ்துமஸ் அன்று மட்டும் போவார்கள். அதுவும் பாட்டு நன்றாக இருக்கும் என்பதற்காக. பேய் என்றால் சிரிப்பார்கள். கைரேகை என்றால், "பாவம், எங்கேயோ இன்னும் இதையெல்லாம் நம்புறாங்களாம்" என்று காபியை உறிஞ்சுவார்கள். அப்பேர்ப்பட்டவர்கள்தாம் மழையில் நனைந்தபடி, பெற்ற பிள்ளையின் விரல் வழியே ஒளி எவ்வளவு ஒழுகுகிறது என்று பார்க்க நின்றார்கள்.

ஒளி பார்ப்பவரின் பெயர் ஃப்ரோடெ ராவன்கில். மூன்று வருடத்துக்கு முன்பு வரை குளியலறைகளுக்குத் தரை ஓடு விற்றுக்கொண்டிருந்தவர். இப்போது செருப்பு போடுவதில்லை. முழங்கால் வரை தொங்கும் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார். கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறவர் பொய் சொல்லமாட்டார் என்று ஊர் எப்படியோ முடிவு செய்திருந்தது.

அவருடைய தத்துவம் எளிமையானது. நாலு வயது வரைக்கும், மூளைக்குப் போகவேண்டிய ஒளி குழந்தையின் உடம்பு முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. விரல் நுனிகளில் அதற்கு ஓட்டைகள். மண், தண்ணீர், மாவு, உருளைக்கிழங்குத் தோல் என்று கண்டதையும் குழந்தை தொடும்போதெல்லாம் ஒளி கசிந்துவிடுகிறது. 'ஒரு வாளி மண்ணில் விளையாடும் குழந்தை ஒரு வாக்கியத்தை இழக்கிறது.' இந்த வரியை அட்டையில் அச்சடித்தே கொடுத்தார். கசிவை அடைக்க ஒரே வழி, வெள்ளி இழை கலந்து நெய்த கையுறை. அது உலகத்தில் அவரிடம் மட்டுமே கிடைக்கும். என்ன ஒரு தற்செயல். விலை தொள்ளாயிரம் குரோனர். குழந்தை வளரும், கையும் வளரும். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுசு.

'அதிர்வெண்' என்ற சொல்லை நிமிடத்துக்கு இரண்டு தடவை சொன்னார். மந்திரம் என்றிருந்தால் ஊர் அவரைத் துரத்தியிருக்கும். அதிர்வெண் என்றதும் நாற்காலி போட்டு உட்காரவைத்தது.

அந்த வரிசையில் நிற்காத சிலரில் தோராவும் ஒருத்தி. நாற்பத்து மூன்று வயது. பதினோரு வருடம் நார்வே போகும் கப்பலில் சமையல்காரியாக இருந்தவள். இப்போது நகராட்சிச் சம்பளத்தில், தன் வீட்டிலேயே நாலு குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிறாள். அவள் வீட்டில் பொம்மை குறைவு, வேலை அதிகம். வில்லாஸ் என்ற இரண்டு வயசுப் பயல் மேஜை துடைப்பான்; துடைத்ததைவிட நனைத்தது அதிகமாக இருக்கும். இன்னொருத்தி சாக்ஸுக்கு ஜோடி தேடுவாள். அவித்த முட்டையை உரிப்பது அங்கே அரைமணிநேரத் திருவிழா. இதற்கெல்லாம் தோராவிடம் தத்துவம் எதுவும் கிடையாது. "வேலை கிடக்கு, ஆளும் இருக்கு, செய்யட்டுமே" என்பாள்.

முட்டை உரிப்பதில் கெட்டிக்காரி மெர்லெ. மூன்று வயதாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஓட்டைத் தட்டுவாள், நகத்தால் கெல்லுவாள், முழுசாக உரிந்து வந்தால் எல்லோருக்கும் காட்டுவாள். பேச்சு மட்டும் கொஞ்சம் கம்மி.

அவளுடைய அப்பா அஸ்கெர் அடுத்த தெருக்காரன். காற்றாலைகளுக்குப் பற்சக்கரம் சரிபார்க்கும் இன்ஜினியர். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் சக்கரத்தைத் திருப்பி அனுப்புகிறவன். அந்தத் திங்கட்கிழமை காலை, மகளின் இரண்டு கையிலும் பளபளக்கும் உறையை மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"இதைக் கழட்டாதே தோரா. சாப்பிடும்போதுகூட. நீயே ஊட்டிவிடு."

"கையில என்ன? புண்ணா?"

"ஒளி கசியுது."

தோரா அந்தச் சின்னக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எந்தப் பக்கமா?"

"கிண்டல் பண்ணாதே. அளந்தாச்சு. நாற்பத்தோரு சதவீதம் வீணாப் போகுது."

"எதுல அளந்தாரு?"

"செப்புக் குண்டு. நூல்ல கட்டி, கைக்கு மேல தொங்கவிட்டு."

"உன் ஆபீஸ்ல ஒருத்தன் நூல்ல குண்டைக் கட்டிப் பற்சக்கரத்தை அளந்தான்னா அவனை என்ன பண்ணுவே?"

"அது இரும்பு. இது என் குழந்தை." அவன் குரல் இறங்கிவிட்டது. "பக்கத்து வீட்டு வாண்டு ரெண்டு வயசுல கதை சொல்லுது தோரா. இவ 'கொடு', 'வேணாம்'ங்கிறதோட நிக்கிறா. அவ அம்மா போனதுக்கப்புறம் நான் ஒருத்தன்தான் இருக்கேன். எதையோ செய்யாம விட்டுட்டேன்னு நாளைக்குத் தெரிஞ்சா?"

ராவன்கில் விற்றது கையுறை அல்ல, இந்தப் பயம்தான் என்று தோராவுக்கு அப்போது புரிந்தது. பெற்றவன் சொல்லிவிட்டால் மீறவும் முடியாது. தலையாட்டினாள்.

மூன்று வாரம் போனது. மெர்லெ, தோரா வீட்டின் நடுவே, இரண்டு கையையும் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, சாயம் காயக் காத்திருப்பவளைப் போல நடந்தாள். மற்றவர்கள் கோப்பை கழுவும்போது பார்த்துக்கொண்டு நின்றாள். பால் ஒரு சொட்டுச் சிந்தினாலும் கையை மேலே தூக்கிக்கொண்டு அழுதாள். முன்பு தானே போட்ட கோட்டுப் பொத்தானை இப்போது யாராவது போட்டுவிடவேண்டும். பேச்சில் ஒரு புதிய சொல் சேர்ந்திருந்தது உண்மை. அந்தச் சொல், 'தொடாதே'.

ஒருநாள் கொல்லையில் ஓடியவள் தடுக்கி விழுந்தாள். விழுகிற எந்தக் குழந்தையும் கையை ஊன்றும். மெர்லெ ஊன்றவில்லை. கையுறை அழுக்காகிவிடும் என்று இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டாள். முகவாய் நேராகப் போய்க் கல்படியில் இடித்தது. நாலு தையல்.

மருத்துவமனைக்கு மூச்சிரைக்க ஓடிவந்த அஸ்கெர் கேட்ட முதல் கேள்வி:

"கையுறை நனஞ்சிருச்சா?"

கேட்டபிறகுதான், தான் என்ன கேட்டோம் என்பது அவன் காதில் விழுந்தது. முகம் வெளுத்துப்போய் மகளைத் தூக்கி அணைத்துக்கொண்டான். தோராவுக்குச் சொல்ல நிறைய இருந்தது, இடம் அதுவல்ல.

ஆனால் பயம் வெட்கத்தைவிடப் பெரிது. மறுநாளே மகளைத் தூக்கிக்கொண்டு ராவன்கில்லிடம் கிளம்பினான். "நானும் வர்றேன்" என்று தோராவும் கூடப் போனாள்.

மண்டபத்தில் முதலில் ராவன்கில்லின் மனைவி ஹெல்லெயைப் பார்க்கவேண்டும். வாசலில் மேஜை போட்டு, தேன் ஒழுகும் குரலில் மூன்று பக்கப் படிவம் நிரப்பச் சொல்வாள். குழந்தை எப்போது தூங்கும், எதற்கு அடம்பிடிக்கும், எதற்குப் பயப்படும், எல்லாம் எழுதவேண்டும். பிறகு அதை வாங்கி, "சீல் வெச்சுட்டு வந்துடறேன்" என்று திரைக்குப் பின்னால் போவாள். அவள் வந்தபிறகுதான் குழந்தையின் கையைத் திரையிலுள்ள ஓட்டை வழியே உள்ளே நீட்டவேண்டும். ராவன்கில் குழந்தையைப் பார்க்கமாட்டார். கையையும் தொடமாட்டார், தொட்டால் ஒளி கலைந்துவிடுமாம். கையுறைக்கு மேலே குண்டைத் தொங்கவிட்டு, குழந்தையின் குணத்தை அப்படியே சொல்லுவார். தாய்மார்கள் கண்ணீர் விடுவார்கள். அரைமணி நேரம் முன்பு தாங்களே எழுதிக் கொடுத்ததை ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு திருப்பிச் சொன்னால் கண்ணீர் வராதா?

அன்றைக்குத் தூக்கமில்லாத அஸ்கெர் படிவத்தில் ஒரு பிழை செய்தான். ஹெல்லெ அதை உள்ளே கொண்டுபோன பிறகு தோரா கேட்டாள்.

"பயம்ங்கிற இடத்துல நாய்னு எழுதியிருக்கியே. எங்க நாய் முதுகுல ஏறி உக்காருறவளாச்சே இவ."

"நாய்னா எழுதிட்டேன்? வேக்குவம் கிளீனர்னு எழுத நெனச்சேன். நாய் மேல்வரில வரவேண்டியது, பிடிச்சதுங்கிற இடத்துல. போய்ச் சொல்லிடறேன்."

"இரு" என்று அவன் கையைப் பிடித்தாள் தோரா. "அவருக்குத்தான் விரலே சொல்லுமே."

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "மோதிர விரலில் ஒரு பயம் அடைபட்டிருக்கிறது. நாலு கால்... ரோமம்... குரைப்புச் சத்தம் கேட்கிறது எனக்கு."

தோரா அஸ்கெரைப் பார்த்தாள். அஸ்கெர் தரையைப் பார்த்தான்.

"விழுந்ததைப் பற்றிக் கவலை வேண்டாம்," குரல் தொடர்ந்தது. "ஒளி தலைக்கு ஏறத் தொடங்கிவிட்டது. தலை கனத்ததால் விழுந்தாள். மிக நல்ல அறிகுறி. இனி முழங்கை வரை நீளும் உறை போடவேண்டும்."

தலை கனக்கக் கனக்க விலையும் கனத்தது. ஆயிரத்து அறுநூறு. அஸ்கெர் வாங்கினான். வெளியே வந்ததும், "உள்ளூர நாய்க்குப் பயம் இருந்தாலும் இருக்கலாம், நமக்குத் தெரியாது" என்று முணுமுணுத்தான். பணம் கொடுத்த மனிதன் அவ்வளவு சீக்கிரம் யோசிக்கமாட்டான். யோசித்தால் பணம் மட்டும் போகாது, தான் யார் என்று நினைத்திருந்ததும் கூடவே போய்விடும்.

அந்த வாரமே பெற்றோர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு மண்டபத்தில் எல்லோர் முன்னிலையிலும் ஒளி பார்க்கப்படும். அதன்பின் வாக்கெடுப்பு. தீர்மானம் நிறைவேறினால், குழந்தை பார்த்துக்கொள்ளும் எந்த வீட்டிலும் இனி மண், மாவு, தண்ணீர் கிடையாது. எல்லாக் குழந்தைக்கும் உறை. சம்மதிக்காத வீட்டிலிருந்து குழந்தைகளை எடுத்துவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம், குழந்தைகள் தூங்கி எழுந்ததும், தோரா பெரிய பாத்திரத்தை மேஜையில் வைத்தாள். வில்லாஸ் மாவு அள்ளினான். "ஒண்ணு, ரெண்டு, அஞ்சு." இன்னொருத்தி வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினாள்; கொஞ்சம் பாத்திரத்திலும் விழுந்தது. ஈஸ்டை முகர்ந்து மூக்கைச் சுளித்தார்கள். யார் உப்புப் போடுவது என்று சண்டை வந்து, ஆளுக்கு ஒரு சிட்டிகை என்று தீர்ந்தது. பிறகு முழங்கை வரை விட்டுப் பிசைந்தார்கள்.

மெர்லெ முழங்கை உறையோடு மேஜை ஓரத்தில் நின்றாள்.

"மெத்துன்னு ஆயிருச்சு" என்றான் வில்லாஸ்.

"மெத்துன்னா?" என்று கேட்டாள் மெர்லெ.

வில்லாஸ் யோசித்தான். சொல்லிப் பார்க்க வாயைத் திறந்தான், வரவில்லை. "தொடேன்" என்றான்.

மெர்லெ கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். தோரா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பங்கரைத் துணியை மடித்தாள். மடிக்க அதில் ஒன்றும் இல்லை.

பெற்றோர்கள் வந்து குழந்தைகளை அழைத்துப்போனதும், மெர்லெயின் பழைய கையுறை ஒன்றை எடுத்தாள். உப்பிய மாவை அதில் அடைத்தாள். கட்டையான மரக்கரண்டி ஒன்றை மணிக்கட்டுப் பக்கமாகச் செருகி, சின்ன மழைக்கோட்டின் கைக்குள் விட்டாள். குழந்தை வண்டியில் போர்வை சுருட்டிப் படுக்கவைத்து, மேல்மூடியை இழுத்துவிட்டாள். தூங்குகிற குழந்தையின் வண்டிக்குள் எட்டிப் பார்ப்பது அந்த ஊரில் பெரிய மரியாதைக் குறைவு. நல்ல பழக்கம்தான், அன்றைக்கு ரொம்ப உதவியது.

மண்டபம் நிரம்பி வழிந்தது. ஹெல்லெ படிவத்தோடு வந்தாள்.

"புதுக் குழந்தையா? பேரு?"

"ஹால்டான். எங்கிட்ட இன்னைக்குத்தான் சேர்ந்தான்."

"வயசு?"

"ரெண்டரை" என்றாள் தோரா. பிசைந்து சரியாக இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது.

"குணம் எப்படி?"

"குளிர்ல இறுகிப்போய் இருப்பான். சூடான இடம்னா உப்பிக்கிட்டு வருவான். தட்டிக்கொடுத்தா அடங்கிருவான்."

"தூக்கம்?"

"துணி போர்த்தி மூலையில விட்டா தூங்கிருவான். எழுந்திருக்கும்போது பார்த்தா ரெண்டு மடங்கு வளர்ந்திருப்பான்."

"அழகு" என்று எழுதிக்கொண்டாள் ஹெல்லெ. படிவம் சீல் வைக்க உள்ளே போனது. தோரா வண்டியைத் திரையோரம் தள்ளி, கோட்டுக் கையை ஓட்டை வழியே மெதுவாக நீட்டினாள்.

செப்புக் குண்டு சுற்றத் தொடங்கியது. உள்ளிருந்து ஒரு நீண்ட பெருமூச்சு.

"ஹால்டான்... இரண்டரை வயது. குளிர்ந்த மனிதர்களிடம் இறுகிவிடும் ஆன்மா. அன்பின் வெப்பம் பட்டால் விரிகிறது. மேலே எழும்பும் சக்தி, ஓயாமல் மேலே... நண்பர்களே, இந்தக் கரையோரத்தில் நான் பார்த்த கைகளிலேயே முழுமையான ஒளி இதுதான். தொண்ணூற்றெட்டு சதவீதம். ஆறு வயதில் சதுரங்கத்தில் பெரியவர்களைத் தோற்கடிப்பான்." குரல் தழுதழுத்தது. "ஏன் தெரியுமா? இவனை யாரோ பத்திரமாக வளர்த்திருக்கிறார்கள். ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். இந்தக் கை பிறந்ததிலிருந்து மாவைத் தொட்டதே இல்லை."

கைதட்டல் எழுந்தது. தோரா கையை வெளியே இழுத்தாள். எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்து, கையுறையை மெல்ல உரித்தாள். மாவு பிசுபிசுவென்று நீண்டு, அறுந்து, மேஜைமேல் 'தொப்' என்று விழுந்தது. ஐந்து விரலும் அப்படியே இருந்தன. சுண்டுவிரல் கொஞ்சம் உப்பியிருந்தது.

"மாவைத் தொட்டதில்லைதான்," என்றாள் தோரா. "மாவாவே இருந்துட்டான்."

கைதட்டல் ஒவ்வொரு கையாக நின்றது. பின்வரிசையில் யாரோ தும்மியது போலிருந்தது. தும்மல் அல்ல, சிரிப்பு. அது வரிசை வரிசையாக முன்னால் நகர்ந்துவந்தது, டோக்கன் எண்படி.

திரையை விலக்கிக்கொண்டு ராவன்கில் வெளியே வந்தார். அன்றுதான் ஊர் அவருடைய கண்களைத் திறந்த நிலையில் நன்றாகப் பார்த்தது.

"இதுவே என் நிரூபணம்," என்றார், நொடிகூடத் தயங்காமல். "இந்த மாவைப் பிசைந்தது குழந்தைகள். அவர்களுடைய ஒளி முழுக்க இதில் இறங்கிவிட்டது. நான் உணர்ந்தது அதைத்தான்."

சிலர் தலையை ஆட்டினார்கள். ஆமாம், அப்போதும் ஆட்டினார்கள். வாங்கிய கையுறையின் விலை அவர்களை ஆட்டுவித்தது.

அப்போது அஸ்கெர் எழுந்தான். கையில் மெர்லெ. முகவாயில் இன்னும் பிளாஸ்திரி.

"சரிங்க. அப்ப மாவுல ஒளி இருக்கு, கசியிற கையில இல்லை. ரெண்டுக்கும் வித்தியாசம் உங்களுக்குத் தெரியும் இல்லையா?"

"நிச்சயமாக."

"எட்டுத் தடவை பாருங்க. ரெண்டுக்கும் ஒரே மாதிரி கையுறை. ஒவ்வொரு தடவையும் மாவா, என் பொண்ணு கையான்னு நாணயத்தைச் சுண்டி நான் முடிவு பண்றேன். எதுன்னு மட்டும் சொல்லுங்க. படிவம் கிடையாது. ஹெல்லெ இங்க எங்களோட உக்காரட்டும்."

ராவன்கில்லுக்கு வேறு வழியில்லை. இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாவில் பாதியை அள்ளி ஒரு முழங்கை உறைக்குள் அடைத்தார்கள். குண்டு சுற்றியது. எட்டில் மூன்று சரி. அஞ்சு தப்பு. ஒருமுறை மெர்லெயின் கையை நீட்டியபோது, "பதமாகப் புளித்திருக்கிறது" என்றுகூடச் சொன்னார்.

"நாணயமே சொல்லியிருந்தா நாலு சரியா வந்திருக்கும்," என்றான் அஸ்கெர். "ஓசியில." அவன் சிரிக்கவில்லை. மகளை மேஜைமேல் உட்காரவைத்து, முழங்கை உறையை இரண்டு கையிலிருந்தும் கழற்றினான். உள்ளங்கை வெளுத்து, வியர்வையில் சுருங்கிப்போயிருந்தது. அதைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு மெல்லத் தேய்த்துவிட்டான்.

மெர்லெ மேஜைமேல் கிடந்த மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். ஒரு விரலால் குத்தினாள். பிறகு மொத்தக் கையையும் அமுக்கினாள்.

"மெத்து" என்றாள். "அப்பா, மெத்துன்னு இருக்கு."

நாலு சொல். மூன்று வாரத்து வெள்ளி இழை கொடுக்காதது. அதற்குமேல் அங்கே வாக்கெடுப்பு நடக்கவில்லை. ராவன்கில் தம்பதி பின்கதவு வழியே காருக்குப் போனார்கள். அவசரத்தில் ராவன்கில் செருப்பைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டதைப் பலர் பார்த்தார்கள். பக்கத்து மாவட்டத்தில் இப்போது கர்ப்பிணிகளுக்கு ஏதோ கல் விற்கிறாராம். நல்ல கூட்டமாம்.

ஊர் திருந்திவிட்டது என்று எழுதி முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் திங்கட்கிழமை காலையிலிருந்து தோராவின் தொலைபேசி ஓயவில்லை. எந்த மாவு நல்லது, கோதுமையா, ரை மாவா? ஒருநாளைக்கு எத்தனை நிமிஷம் பிசைந்தால் எத்தனை சொல் வரும்? இடது கைக்குத் தனியாகப் பயிற்சி உண்டா? பத்தாவதாகப் பேசியவள், கையுறை மூன்று ஜோடி வாங்கிய ஒரு தாய்.

"மாவு பிசைஞ்சா ரொட்டி வரும்," என்றாள் தோரா. "மேதை வருவானான்னு எனக்குத் தெரியாது. உங்க வீட்டுல உருளைக்கிழங்கு இருக்குல்ல? கழுவச் சொல்லுங்க. சட்டை நனையும், நேரமாகும். பக்கத்துல நின்னு பேசிக்கிட்டு இருங்க. அவ்வளவுதான்."

"எத்தனை உருளைக்கிழங்கு?"

"வீட்டுல எத்தனை பேருக்குப் பசிக்குதோ அத்தனை."

மறுமுனையில் பேனா கீறும் சத்தம் கேட்டது. "இந்த முறைக்கு ஏதாவது பேரு இருக்கா?"

"இருக்கு. சமையல்."

அதையும் அவள் எழுதிக்கொண்டாள். தோரா தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினாள். பிறகு சொன்னாள்:

"ஏம்மா, இவ்வளவு கேட்டீங்க. ஏன்னு ஒருதடவைகூடக் கேக்கலையே? நான் சொல்றது பொய்யா இருந்தா? அந்த ஆள்கிட்டயும் இப்படித்தானே எழுதிக்கிட்டு வந்தீங்க? கையைக் கட்டாம விட்டா குழந்தை மூளை தன் வேலையைத் தானே பாத்துக்கும். அதைப்பத்திக் கவலைப்படாதீங்க. நீங்க உங்களுதைக் கொஞ்சம் வேலை வாங்குங்க."